திறந்து மூடிய மைக்

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் பரிபாலன சபை ஸூமில் கூடத் தொடங்கியது கொரோனாக் காலத்தில். திருவிழாக்களை எடுத்து நடத்தும் உபயகாரர்களில் பாதிப்பேர் அதற்கு முன்னரே கனடாவிலும் பிரான்சிலும் லண்டனிலும்தான் இருந்தார்கள். ஊரில் இருந்தவர்களும் வீட்டுப் படலையைத் தாண்ட முடியாமல் போனபோது, எல்லோரையும் ஒரு திரைக்குள் கொண்டுவரலாம் என்று சொன்னவர் என் கணவர் அருளம்பலம். அவர் அப்போது சபையின் உபதலைவர். இரண்டு கண்ணிலும் வெண்படலம் இருந்ததால் அவருக்குத் திரையின் சின்ன எழுத்துகள் தெரியாது. கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தவர் அவர், பொத்தான்களை அழுத்தியவள் நான்.

முதல் கூட்டத்தில் ஒருவர் கதைத்தது மற்றவருக்கு விளங்கவில்லை. எல்லோருடைய மைக்கும் திறந்திருந்தது. ஒரு வீட்டில் குழந்தை அழுதது, இன்னொரு வீட்டில் தொலைக்காட்சியில் கிரிக்கெட். நான் புத்தூரில் முப்பது வருடம் படிப்பித்தவள். எல்லோரையும் ஒரேயடியாக மூடும் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினேன். திரை முழுவதும் சிவப்புக் கோடு விழுந்த மைக்குகள். அந்த அமைதியில் என் கணவர் சிரித்துவிட்டு, "குணம், உன்ரை வகுப்பு மாதிரியே கிடக்கு" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு 'மியூட் ரீச்சர்' என்று பெயர்.

கதைக்க விரும்புபவர் கையை உயர்த்தவேண்டும். நான் அவருக்கு ஒரு வேண்டுகோள் அனுப்புவேன். அவருடைய திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதை அவர் தொட்டால்தான் மைக் திறக்கும். மூடுவதற்கு எனக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. திறப்பதற்கு மட்டும் அவர்களின் விரல் வேண்டும். இதை அந்த நாளில் நான் ஒரு நல்ல ஒழுங்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

போகப்போக முகத்தைப் பார்க்காமலே, மைக் திறந்த முதல் நொடியில், இது யாருடைய வீடு என்று சொல்லப் பழகிவிட்டேன். பாரிசில் இருக்கும் டினேஸின் வீட்டில் எப்போதும் அடுப்பு எரியும். ஒருநாள் கொடியேற்றத்துக்கு நாள் குறிக்கும் கூட்டத்தில் சுர்ரென்று பெரிய சத்தம்.

"ஆரது கோயில் கூட்டத்திலை மீன் பொரிக்கிறது?" என்று செயலாளர் ஜெயசுதன் கேட்டார்.

"சத்தியமாக் கத்தரிக்காய் அண்ணை!" என்றான் டினேஸ். "வேணுமெண்டால் கமராவைத் திருப்பிக் காட்டுறன்."

"வேண்டாம், வேண்டாம். ரீச்சர், உவனை முதல்லை மூடுங்கோ. பிள்ளையாருக்கே பசிக்கப்போகுது."

ரொறன்ரோவில் இருந்த தில்லையம்பலத்தின் வீட்டுக்கு ஒரு தனி அடையாளம். தில்லையம்பலம் என் கணவரின் ஒரே தம்பி. அவருடைய வீட்டு முகட்டில் புகை அலாரம் ஒன்று இருந்தது. அதன் பற்றரி இறங்கிப்போய், நிமிடத்துக்கு ஒருதரம் 'கீக்' என்று கத்தும். ஒரு குருவிக்குஞ்சை யாரோ மிதித்த மாதிரி. மாதக்கணக்காக அப்படியே கிடந்தது.

"தம்பி, உதுக்கு ஒரு பற்றரியை வாங்கிப் போடுமன்" என்று என் கணவர் சொல்லுவார்.

"முகடு உயரமண்ணை. எனக்கு முழங்கால் ஏலாது. மயூரதன் வந்து மாத்துறன் எண்டவன்."

மயூரதன் அவருடைய மகன். பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தான். அவன் வரவுமில்லை, பற்றரி மாறவுமில்லை. அந்த 'கீக்' கேட்டால் தில்லையம்பலம் மைக்கைத் திறந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் கணவர் போன வருடம் ஐப்பசியில் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று சொல்லி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஓட்டோவுக்குள் என் கையைப் பிடித்தபடி அவர் சொன்ன கடைசி வார்த்தை, "ஆறாம் திருவிழாவை விட்டுடாதை" என்பதுதான்.

அதை ஏன் சொன்னார் என்பதை விளங்கப்படுத்தவேண்டும்.

எங்கள் கோயிலில் பத்துத் திருவிழா. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் உபயம். ஆறாம் திருவிழா என் கணவரின் பாட்டனார் காலத்திலிருந்து அவர்களுடையது. மாலைப் பூசைக்கு முன் ஐயர் சங்கற்பம் செய்யும்போது, உபயகாரர் தன் குடும்பத்தின் பெயர்களையும் நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஐயர் அதைத் திருப்பி மந்திரத்தோடு சேர்த்துச் சொல்லுவார். ஒலிபெருக்கிக் குழாய்கள் நான்கு திசைக்கும் கட்டியிருப்பதால் ஊர் முழுவதும் கேட்கும். தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றி விடுபவர்களுக்கும் கேட்கும்.

சங்கற்பத்தில் சொல்லுவது உயிரோடு இருப்பவர்களின் பெயர். இறந்தவர்களுக்கு வேறு நாள், வேறு மந்திரம்.

எங்கள் மகன் கீர்த்திகன் 2007 மாசியில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக விரிவுரை முடித்துச் சைக்கிளில் புறப்பட்டவன், வீட்டுக்கு வரவில்லை. ஊரடங்கு தொடங்குவதற்குள் வந்துவிடுவான் என்று சோற்றை மூடி வைத்துவிட்டு இருந்தேன். சைக்கிளும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஏறி இறங்கிய இடங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எங்களைப் போல ஏறி இறங்கியவர்கள் எல்லோருக்கும் அவை தெரியும்.

அந்த வருடத் திருவிழாவில் ஐயர் "உபயகாரர் பெயர்களைச் சொல்லுங்கோ" என்றதும் என் கணவர் வழக்கம்போலத் தொடங்கினார். தன் பெயர், என் பெயர், அதற்குப் பிறகு "கீர்த்திகன், அனுஷ நட்சத்திரம்." ஐயர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. பிறகு ஐயர் சொன்னார்: "அனுஷ நட்சத்திரே, விருச்சிக ராசௌ, கீர்த்திகன் நாமதேயஸ்ய." நான்கு குழாயாலும் அது ஊருக்குப் போனது. அதன் பிறகே தில்லையம்பலத்தின் குடும்பத்துப் பெயர்கள் வந்தன.

ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் நடந்தது. அர்ச்சனை எந்த நாளும் செய்யலாம், நான் செய்கிறேன். ஆனால் அது எனக்கும் ஐயருக்கும் இடையில் முடிந்துவிடும். ஆறாம் திருவிழா அப்படியல்ல. வருடத்தில் ஒருதரம் என் பிள்ளை இருக்கிறான் என்று ஊருக்கு முன்னால் சொல்லப்படும். ஊர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த ஒரு நாளுக்காகவே நாங்கள் இரண்டுபேரும் மற்ற நாட்களை ஓட்டினோம் என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

கணவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தபின், ஆறாம் திருவிழா இனி யாருக்கு என்ற கேள்வி சபையில் வந்தது. சபையின் யாப்பு விதிகளின்படி நான் அங்கத்தவர் அல்ல. பெண்களை அங்கத்தவராக எழுதும் வழக்கம் எங்கள் கோயிலில் இல்லை. கூட்டத்தை நடத்தலாம், ஆனால் கூட்டத்தில் கதைக்க உரிமை இல்லை. என் ஆயுள்காலம் வரை உபயத்தை நானே செய்வதற்குச் சபை அனுமதிக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்து அங்கத்தவர் ஒருவர் அதை முன்மொழியவேண்டும். எங்கள் குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஒரே அங்கத்தவர் தில்லையம்பலம்.

நான் அவருக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள், இதையும் நீங்கள் கேக்கவேணுமோ?" என்றார். "அண்ணை எனக்கு அப்பா மாதிரி. கீர்த்தி என்ரை தோளிலை திரிஞ்ச பிள்ளை. நான் முன்மொழியிறன்."

"ஒரு வசனம் காணும் தம்பி. மிச்சத்தை ஜெயசுதன் பார்ப்பார்."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நீங்கள் பெட்டியை அனுப்புங்கோ, நான் திறந்து கதைக்கிறன்."

டினேஸும் எடுத்தான். "முன்மொழிய ஏலாட்டியும் வழிமொழியலாம்தானே ரீச்சர். அடுப்பை நூத்துப்போட்டு வந்து இருக்கிறன்" என்றான்.

கூட்டம் ஒரு ஞாயிறு மாலை. ரொறன்ரோவில் அப்போது காலை. தில்லையம்பலம் முதல் ஆளாக வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். அலாரம் கத்தியது. "வணக்கம் மச்சாள், கேக்குதோ?" என்றார். "நல்லாக் கேக்குது தம்பி" என்றேன். வழக்கம்போல எல்லோரையும் மூடினேன், அவரையும் சேர்த்து.

தேர்முட்டிக்கு வர்ணம் பூசுவது, மின்பிறப்பாக்கி பழுதானது எல்லாம் கதைத்து முடித்து, ஜெயசுதன் ஆறாம் திருவிழாவுக்கு வந்தார். என் கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்.

"இதைப்பற்றிக் குடும்பத்தின்ரை சார்பிலை பிரேரணை ஏதும் இருந்தால் இப்ப சொல்லலாம். தில்லையண்ணை?"

நான் வேண்டுகோளை அனுப்பினேன். தில்லையம்பலம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்கள் கொஞ்சம் கீழே இறங்கின. பெட்டி அங்கேதான் வரும். அவர் அதை வாசிப்பது எனக்குத் தெரிந்தது. சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

இன்னொருமுறை அனுப்பினேன்.

"தில்லையண்ணை, மியூட்டிலை இருக்கிறியள்" என்றார் ஜெயசுதன்.

தில்லையம்பலம் காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையை விரித்தார். கேட்கவில்லை என்பதுபோல. நான் மூன்றாம் முறையும் அனுப்பினேன். அவர் தலையைத் திருப்பி, கமராவுக்கு வெளியே இருந்த யாரையோ பார்த்தார்.

என் விரல் என்னுடைய மைக்கின் மேல் நின்றது. அதைத் திறக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் நான் சொல்லுவது பிரேரணை ஆகாது. குறிப்பில் ஏறாது. ஒரு மனுசி கூட்டத்தில் அழுதாள் என்றுதான் ஊர் கதைக்கும். நான் திறக்கவில்லை.

"பிரேரணை இல்லையெண்டால் யாப்புப்படிதான் போகவேணும்" என்று லண்டனிலிருந்து தலைவர் சொன்னார். "உபயம் இருக்கிற அங்கத்தவருக்குப் போகுது. அவருக்குப் பிறகு மகன் மயூரதனுக்கு. தில்லை, ஏற்றுக்கொள்ளுறியளோ?"

இந்தமுறை நான் ஒன்றும் அனுப்பவில்லை. முன்பு அனுப்பிய பெட்டி அவருடைய திரையில் இன்னும் இருந்திருக்கவேண்டும். சிவப்புக் கோடு தானாக மறைந்தது.

கீக்.

"ஓம்" என்றார் தில்லையம்பலம். "பிள்ளையாற்றை சித்தம்."

திரையில் கைதட்டும் படங்கள் வரிசையாக எழும்பின. டினேஸ் மட்டும் கமராவை நிறுத்திவிட்டான். ஜெயசுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்த விசயம்" என்றார். அடுத்துக் கதைக்க இருந்தவருக்கு நான் வேண்டுகோள் அனுப்பினேன். என் கை அதைச் செய்தது.

மறுநாள் தில்லையம்பலத்தின் மனைவி நாகேஸ்வரி எடுத்தாள்.

"அக்கா, இவர் இரவு முழுக்க நித்திரை இல்லை. மைக் வேலை செய்யேல்லையாம்."

"பிறகு வேலை செய்ததே."

"அதுதானக்கா, பிறகு திடீரெண்டு வந்திட்டுது. அதுக்குள்ளை தலைவர் முடிச்சுப்போட்டார்."

"தம்பியிட்டைக் குடும், கதைப்பம்."

"அவர் குளிக்கிறார்." அவசரமாகச் சொன்னாள்: "உபயம் ஆற்றை பேரிலை இருந்தால் என்ன அக்கா? பிள்ளையின்ரை பேர் விடுபடாது. சங்கற்பத்திலை இவரே தன்ரை வாயாலை சொல்லுவார். எங்கடை பேருகளோடை சேர்த்துச் சொல்லுவார். நான் சொல்லுறன்."

நம்பினேன். நம்புவதற்கு எனக்குத் தேவை இருந்தது. உபயம் யாருக்கு என்பதல்ல என் கவலை. பெயர் போகாவிட்டால் போதும். என் கணவரின் படத்துக்கு முன்னால் நின்று, "தம்பி சொல்லுவாராம்" என்றும் சொன்னேன்.

அந்த ஆனியில் கொடியேறியது. வெளிநாட்டு உபயகாரர்கள் பெயர் சொல்லுவதற்குச் சபை ஓர் ஏற்பாடு செய்திருந்தது. வசந்தமண்டபத் தூணடியில் ஒரு மேசை. அதில் என் லப்டொப். அதிலிருந்து ஒரு வயர் ஒலிபெருக்கிக்காரரின் பெட்டிக்குப் போகும். உபயகாரர் ஸூமில் பெயரைச் சொன்னால் கோயிலுக்கும் ஊருக்கும் கேட்கும். ஐயர் திருப்பிச் சொல்லுவார். மைக் பார்க்க நான்.

"வேறை ஆரையும் விடட்டோ ரீச்சர்?" என்று ஜெயசுதன் தயங்கித் தயங்கிக் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லை. நான் வாறன்" என்றேன்.

ஆறாம் திருவிழாவில் நான் வழக்கமாக நிற்கும் இடம் சுவாமிக்கு முன்னால், கணவருக்குப் பக்கத்தில். அன்று தூணடியில் கதிரையில் இருந்தேன். கோயிலுக்குள் கதிரையில் இருப்பது கூச்சமாக இருந்தது. திரையில் தில்லையம்பலம் பட்டுச்சால்வை போட்டிருந்தார். பக்கத்தில் நாகேஸ்வரி. பின்னால் மயூரதன், அவனுடைய மனைவி தக்சாயினி, மடியில் ஒரு குழந்தை, காலடியில் ஒன்று. முழுக்குடும்பமும் குளித்துத் திருநீறு பூசி இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"உபயகாரர் பெயர்களைச் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

நான் பெட்டியை அனுப்பினேன். உடனே திறந்தது. கீக் என்று நான்கு குழாயிலும் கேட்டது. வெளிவீதியில் நின்ற பெடியன்கள் சிரித்தார்கள்.

"தில்லையம்பலம், ரோகிணி" என்றார். ஐயர் திருப்பிச் சொன்னார். "நாகேஸ்வரி, உத்தரம்." ஐயர் சொன்னார். என் கணவர் கீர்த்திகனின் பெயரைச் சொல்லும் இடம் இதுதான். பெற்றோருக்குப் பிறகு, மற்றவர்களுக்கு முன்.

"மயூரதன், சுவாதி" என்றார்.

பிறகு தக்சாயினி. பிறகு குழந்தைகள் இரண்டும். கடைசியில் சொல்லுவார் என்று நினைத்தேன். கடைசிப் பெயரைச் சொன்னதும் அவர் மைக்கை மூடிவிட்டார்.

எங்கள் ஐயர் வயதானவர். கீர்த்திகனுக்கு ஏடு தொடக்கியவர். அவர் உடனே மந்திரத்தைத் தொடரவில்லை. கையில் பூவை வைத்தபடி என் பக்கம் பார்த்தார். பிறகு லப்டொப்பைப் பார்த்து, தன் ஒலிவாங்கியில் கேட்டார்:

"தில்லையம்பலத்தார், இன்னும் ஆரும் இருக்கினமோ?"

மேளகாரர் தவில் மேல் கையை வைத்தபடி நின்றார். எல்லோருக்கும் தெரியும், ஐயர் யாரைக் கேட்கிறார் என்று.

நான் பெட்டியை அனுப்பினேன்.

தில்லையம்பலத்தின் கண் கீழே இறங்கியது. அவருடைய கை முன்னால் வந்தது. சிவப்புக் கோடு மறைந்தது. திறந்துவிட்டார். ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது, ஒருவர் ஏதோ சொல்லத் தொடங்கும்போது எடுக்கும் மூச்சு. என் உதடு அவரோடு சேர்ந்து அசையத் தொடங்கியது.

கீக்.

சிவப்புக் கோடு திரும்பவும் விழுந்தது.

கோயிலுக்குள்ளும், வெளிவீதியிலும், தோட்டங்களிலும், என் பிள்ளையின் பெயர் கேட்கவேண்டிய இடத்தில் அந்த அலாரம் கேட்டது. ஐயர் இன்னும் கொஞ்சம் பொறுத்தார். உபயகாரர் சொல்லாத பெயரை அவர் சொல்ல முடியாது. பூவைப் போட்டுவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

பூசை முடியும்வரை நான் எழும்பவில்லை. தீபம் காட்டியபோது கமராவைத் திருப்பிக் கொடுத்தேன், அவர்கள் கும்பிடுவதற்கு. எல்லாம் முடிந்து, கூட்டத்தை விட்டு வெளியேறப் போனேன். இனி யார் நடத்துவது, ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள் என்று திரை கேட்டது. தில்லையம்பலத்தின் பெயரைத் தொட்டேன். எல்லோருடைய மைக்கும் இப்போது அவர் கையில். லப்டொப்பை மூடி, வயரைக் கழற்றி ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். பின்னால் குழாய்களில், அன்றைய உபயகாரருக்கு நன்றி சொல்லும் ஜெயசுதனின் குரல் நான் நடந்த ஒழுங்கையின் கடைசிவரை வந்தது.

அடுத்தநாள் காலை நாகேஸ்வரி எடுத்தாள். எடுப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, நேற்றைக்கும் உந்த மைக்..."

"மைக் நல்லாத்தான் வேலை செய்தது நாகேஸ். அந்த அலாரத்துக்குப் பற்றரி மாத்தச் சொல்லும். ஊர் முழுக்கக் கேட்டது."

அவள் அழத் தொடங்கினாள்.

"நான் என்னக்கா செய்ய? இவர் சொல்லத்தான் வெளிக்கிட்டவர். அண்டைக்குக் கூட்டத்திலையும் அப்பிடித்தான். மருமகள்தான் விடேல்லை. சின்னக் குழந்தையளின்ரை பேரோடை சேர்த்துச் செத்த ஆளின்ரை பேரைச் சொல்லக்கூடாதாம். குழந்தையளுக்குக் கூடாதாம். இவருக்கு மகனோடை பகைக்கேலாது, இந்த வயசிலை அவையள்தானே எங்களைப் பார்க்கவேணும். நீங்கள் விளங்கிக்கொள்ளுவியள் எண்டு..."

பதினெட்டு வருடத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. விசாரித்த இடங்களில் சொன்னார்கள், ஊரில் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பார்கள். அவனைத் தோளில் தூக்கித் திரிந்த வீட்டில் சொல்லவில்லை.

"ஆர் செத்தது, நாகேஸ்?" என்று கேட்டேன்.

அவளுடைய அழுகை நின்றது. போனுக்குப் பக்கத்தில் தில்லையம்பலம் இருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அவர் மூச்செடுப்பது கேட்டது.

"தம்பி, ஆர் செத்தது?"

நான் வைக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்தில் முகட்டில் அலாரம் ஒருதரம் கத்தியது. பிறகு இன்னொருதரம் கத்தியது.